எஃப்.சி.எம் அயர்ன் டிரிப்ஸ்: காசுக்குத் தகுமா?

ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், ஆஸ்பத்திரியில் யாரும் அதை முழுசாகச் சொல்வதில்லை, சீட்டில் எஃப்.சி.எம் என்று எழுதுவார்கள், சிஸ்டர்களுக்கு அது வெறும் "அயர்ன் டிரிப்ஸ்". ரத்த சோகைக்கு நரம்பு வழியாக ஏற்றுகிற இரும்பு மருந்து. போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களும் மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாதவர்களும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு அவசரமில்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றை எதற்குக் குறைத்தேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், ஏனென்றால் மருந்து எழுதிக் கொடுப்பவர்கள் அதை அதிகம் பேசுவதில்லை.

இது ஒரு நானோ மருந்து, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்களால் ஆன மருந்து என்பது எனக்கே போட்ட பிறகுதான் தெரியும். நானோ மருத்துவம் என்றாலே ரத்தக் குழாய்க்குள் குட்டி ரோபோ நீந்திப் போய்ப் புற்றுநோயைச் சுடுகிற படம் ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். நம்ம ஊர்ப் பெண்கள் உடம்பில் வருடக்கணக்காக இறங்கிக்கொண்டிருக்கிற இந்தப் பழுப்புத் தண்ணீர் அந்தப் படத்தில் எங்கேயும் வராது, குப்பி மேலும் அந்த வார்த்தை கிடையாது.

என் கதை சுருக்கமாக: கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, மாதவிடாய் வந்தால் நிற்காது, ஹீமோகுளோபின் ஏழு சொச்சத்துக்கு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, அதையெல்லாம் வயசு என்று நினைத்து ஓட்டிவிட்டேன். டாக்டர் மேடம் கண்டுபிடித்தது வேறு ஒன்றை வைத்து. "பச்சரிசி தின்பீங்களா?" என்று கேட்டார். தின்பேன்! உலை வைக்கும்போது கைப்பிடி அரிசியை வாயில் போட்டு மென்றால்தான் சமையலே ஓடும், ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டியையும் விட்டு வைக்க மாட்டேன். இரும்புச் சத்துக் குறைந்தால் இப்படி ஆகாததை எல்லாம் தின்னத் தோன்றுமாம். கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் "நான் சொன்னேனா இல்லையா" என்கிற மாதிரி பார்த்தார், அவர் சொன்னது பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும், ஆனால் அது தனிக் கதை. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவதே ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்புதான், எனக்குக் குறைந்திருந்ததோ ஆயிரம் மில்லிகிராமுக்கும் மேலே. கீரையால் அந்தக் கணக்கு நேராகாது.

முதலில் எல்லாருக்கும் போல மாத்திரைதான். குமட்டல், மலச்சிக்கல், மலம் தார் மாதிரி கறுப்பு, போட்டவர்களுக்குத் தெரியும். தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று மேடம் மாற்றிக் கொடுத்தார். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவைச் சாத்திவிடுகிறது, அது அடங்க ஒரு நாளாவது ஆகும், அதுதான் காரணம். வயிறு கொஞ்சம் தேறியது. ஆனால் மாதா மாதம் போகிற ரத்தத்துக்கு இது போதவில்லை.

நடுவில் மருந்துக் கடைக்காரர் லைப்போசோமல் அயர்ன் என்று ஒன்றை நீட்டினார். கொழுப்புப் பூச்சுக்குள் இரும்பு, வயிற்றைக் கெடுக்காது, "லேட்டஸ்ட் டெக்னாலஜி மேடம்". வயிற்றைக் கெடுக்கவில்லை என்பது உண்மை. விலை சாதா மாத்திரையைவிடப் பல மடங்கு, எனக்கு ரத்தமும் பெரிதாக ஏறவில்லை. ரத்தப்போக்கு இல்லாமல் லேசான சோகை இருப்பவர்களுக்குச் சரிப்படலாம், என்னை மாதிரி ஆட்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பொதுவாகவே அலமாரியில் இருக்கிற டப்பாவில் நானோ, லைப்போ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் பின்பக்கம் திருப்பி உள்ளே என்ன உப்பு, எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். மஞ்சள் கிழங்கு மாத்திரையில் ஆரம்பித்து ஃபேஸ் கிரீம் வரை அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, டிரிப்ஸுக்கு வருவோம். இரும்பை அப்படியே ரத்தத்தில் ஏற்ற முடியாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார், நியாயமான கேள்விதான். முடியாது. கட்டில்லாமல் ரத்தத்தில் திரிகிற இரும்பு விஷம், ரத்தக் குழாயையே அரித்துவிடும், பிரஷர் சரிந்துவிடும். அதனால் இரும்பு ஹைட்ராக்சைடை நுணுக்கமான உருண்டையாக்கி, மேலே சர்க்கரை வகை ஓடு ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். உருண்டையும் ஓடும் சேர்ந்து இருபது சொச்சம் நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இந்த உருண்டைகளைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் இருக்கிற மேக்ரோபேஜ் செல்கள் விழுங்குகின்றன. வயதாகிப்போன சிவப்பணுக்களை விழுங்கி அதிலிருக்கும் இரும்பை மீட்டெடுப்பதும் இதே செல்கள்தான், ஆக அவற்றுக்கு இது புது வேலையே இல்லை. உள்ளே வைத்து மேல் ஓட்டைப் பிரித்து, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். எனக்கு இந்த மருந்தில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்: குறி பார்த்துச் சுடுகிற வித்தை எதுவும் இல்லை, உடம்பில் ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தைப் பார்த்து அதற்கேற்ற அளவில் துகளைச் செய்திருக்கிறார்கள்.

ஓடு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு அதிகமாக ஒரே தடவையில் ஏற்றலாம். அயர்ன் சுக்ரோஸ் என்று பழைய டிரிப்ஸ் ஒன்று உண்டு, அதன் ஓடு கொஞ்சம் தளர்வு, அதனால் பொதுவாக ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம்தான், திரும்பத் திரும்பப் போய் உட்கார வேண்டும், கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அத்தனை நாள் சம்பளம் போச்சு. எஃப்.சி.எம் என்றால் ஒரே தடவையில் 1000 மில்லிகிராம் வரை, கால் மணி நேரத்தில். அதற்கும் முந்தின தலைமுறையில், 1950களில் வந்த அயர்ன் டெக்ஸ்ட்ரான் இருந்தது, அதில் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து உயிரே போயிருக்கிறது. "அயர்ன் ஊசியா, ஐயோ வேண்டாம்" என்று நம் அம்மாக்கள் சொல்வது அந்தக் காலத்துப் பயம். எஃப்.சி.எம் ஐரோப்பாவில் 2007இல் வந்தது, அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது.

போன அன்று முதல் வேலை, டே கேரில் கையில் ஒரு கப்பைக் கொடுத்து யூரின் கேட்டார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த டிரிப்ஸ் போடக் கூடாது, அதனால் கார்டு டெஸ்ட் பண்ணிவிட்டுத்தான் ஏற்றுவார்களாம். என் வயசுக்கு இது தேவையா என்று சிரிப்பு வந்தது, ஆனால் விதி விதிதான். அப்புறம் படித்தபோது தெரிந்தது, அந்தக் கார்டிலும் நானோதான். பெரும்பாலான கார்டுகளில் விழுகிற சிவப்புக் கோடு சாயம் கிடையாது, தங்கம். நாற்பது நானோமீட்டர் போல அளவுள்ள தங்கத் துகள்கள், மேலே ஆன்டிபாடி பூசியது. கர்ப்ப ஹார்மோன் இருந்தால் அது ஒட்டிக்கொண்டு கோட்டில் போய்க் கூட்டமாக நிற்கும். அந்த அளவுக்குச் சிறிசான தங்கம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே பார்த்த கிட்டும், காய்ச்சல் என்று போனால் எடுக்கிற டெங்கு கார்டும் பெரும்பாலும் இதே வேலைதான். எனக்கு ஒற்றைக் கோடு. நிம்மதி.

அப்புறம் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கிற குழாய்) போட்டார்கள். இங்கேதான் நீங்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். எனக்குப் போட்ட சிஸ்டர் சின்னப் பெண், ஆனால் வேலை சுத்தம். முதலில் வெறும் சலைனைத் தள்ளிப் பார்த்தாள், ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், அப்புறம்தான் மருந்தைக் கலந்தாள். குப்பியிலிருந்து ஏறும்போது கெட்டி டிகாக்ஷன் நிறம், சலைன் பாட்டிலில் விழுந்ததும் புகைபோலச் சுருண்டு இறங்கி மொத்தமும் பழுப்பாகிவிட்டது. "அக்கா, எரிஞ்சாலோ வீங்கினாலோ உடனே கூப்பிடுங்க, சும்மா பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது பக்கத்துக் கட்டிலில் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு முன்னே வேறு எங்கேயோ போட்டபோது மருந்து நரம்புக்கு வெளியே கசிந்துவிட்டதாம், முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புத் திட்டு, துருக்கறை மாதிரி. வலி இல்லை, ஆனால் போகவும் இல்லை. இந்தக் கறை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட இருக்கும், சிலர் லேசர் வைத்து எடுக்கப் பார்க்கிறார்கள். புறங்கையில் போடாமல் கொஞ்சம் மேலே பெரிய நரம்பாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள், ஏறி முடிகிறவரை கையை ஆட்டாதீர்கள், போனை இன்னொரு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது எப்படி இருந்தது? வாயில் பழைய செப்புக் காசை அடக்கி வைத்திருப்பது போல ஒரு ருசி, கொஞ்சம் முகம் சூடு, அவ்வளவுதான். முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார வைத்து பிரஷர் பார்த்து அனுப்பினார்கள். மறுநாள் தலைவலி, உடம்பு வலி, ஒரு பாராசிட்டமாலில் போனது. சிலருக்கு ஏறும்போதே நெஞ்சு இறுக்கமும் முதுகுப் பிடிப்பும் வரும், டிரிப்ஸை நிறுத்தினால் தானே அடங்கிவிடும், அப்புறம் மெதுவாக விட்டு ஏற்றலாம். இதைப் பார்த்துப் பயந்துகொண்டு பல இடங்களில் முன்கூட்டியே ஏவில் என்கிற ஒவ்வாமை ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை, ஏவிலே பிரஷரைக் குறைத்துத் தூக்கத்தைக் கொடுத்து "அயர்ன் ஒத்துக்கலை" என்று பெயர் வாங்கித் தரும் என்று எங்கள் மேடம் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரி பார்மசியில் ஏவிலும் ஹைட்ரோகார்ட் என்கிற ஸ்டீராய்டு ஊசியும் பில்லில் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், உடைக்காத ஊசியைத் திருப்பிக் கேட்டால் "ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேடம்". வீட்டில் இன்னும் கிடக்கிறது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் இதுதான் என்று விசாரித்த வரை தெரிகிறது.

பலன்: முதலில் நின்றது பச்சரிசி. ரத்தம் ஏறுவதற்கு முன்னாலேயே, சில நாளிலேயே, அந்த ஆசை காணாமல் போய்விட்டது, அரிசி டப்பாவைத் திறந்தால் ஒன்றும் தோன்றவில்லை, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மூச்சு வாங்கல் குறைய இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. மஜ்ஜை புதுச் சிவப்பணுக்களைச் செய்து வெளியே அனுப்ப ஒரு வாரமாவது ஆகும், ஹீமோகுளோபின் எண்ணில் அது தெரிய இரண்டு மூன்று வாரம். டிரிப்ஸ் போட்ட மறுநாளே டெஸ்ட் எடுத்து "ஒண்ணும் ஏறலையே" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த தடவை பார்த்தபோது எனக்குப் பத்தைத் தாண்டியிருந்தது, முடி கொட்டுவதுகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது, அது மனப்பிராந்தியாகவும் இருக்கலாம்.

இப்போது அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண். பாஸ்பேட், எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய தாது உப்பு. இந்த மருந்து எஃப்.ஜி.எஃப் 23 என்கிற ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது, அது கூடினால் சிறுநீரகம் பாஸ்பேட்டைப் பிடித்து வைக்காமல் சிறுநீரில் கொட்டிவிடும். 2020இல் வெளியான அமெரிக்கச் சோதனைகளில் எஃப்.சி.எம் போட்டவர்களில் நாலில் மூன்று பேருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது. அதே சோதனையில் ஃபெரிக் டெரிஐசோமால்டோஸ் என்கிற இன்னொரு இரும்பு டிரிப்ஸ் போட்டவர்களில் நூற்றுக்கு எட்டு பேருக்குத்தான். இரண்டிலும் இரும்பு இரும்புதான், ஓடுதான் வேறே. பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தெரியாமலே சரியாகிவிடும், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. சிக்கல் யாருக்கு என்றால், என்னை மாதிரி ரத்தப்போக்கு நிற்காமல் திரும்பத் திரும்ப டிரிப்ஸ் போடுகிறவர்களுக்கு. பாஸ்பேட் குறைந்தே கிடந்தால் தசை பலவீனம், எலும்பு வலி, நாள்பட எலும்பே மென்மையாகிவிடும். இதில் கொடுமை, பாஸ்பேட் குறைந்தாலும் அசதிதான் வரும். அசதியாக இருக்கிறது, இரும்பு போதவில்லை போல என்று இன்னொரு டிரிப்ஸ் போட்டால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்.

விலை. நான் விசாரித்த இடங்களில் 500 மில்லிகிராம் குப்பி ஒன்று ஆயிரத்து சொச்சத்திலிருந்து மூவாயிரத்து சொச்சம் வரை சொன்னார்கள், எனக்குத் தேவைப்பட்டது இரண்டு. இதற்கு மேல் டே கேர் கட்டணம், வென்ஃப்ளான், சலைன், அது இது. காப்புரிமை முடிந்த பிறகு பல கம்பெனிகள் இறங்கிவிட்டதால் விலை இறங்கியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் இந்த வகை மருந்தில் மலிவு நகல் என்பது பாராசிட்டமால் மாதிரி நேரான சங்கதி இல்லை. பாராசிட்டமால் ஒரே மூலக்கூறு, யார் செய்தாலும் அதேதான். இது துகள், செய்கிற முறை கொஞ்சம் மாறினாலும் உருண்டையின் அளவும் ஓட்டின் கெட்டியும் மாறும். பிரான்சில் டயாலிசிஸ் நோயாளிகளை அசல் அயர்ன் சுக்ரோஸிலிருந்து நகலுக்கு மாற்றியபோது ஹீமோகுளோபின் இறங்கியதாக 2011இல் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் நானோ மருந்துகளை எப்படிச் சோதிப்பது என்று தனி வழிகாட்டி வந்ததே 2019இல்தான். அதற்காக விலை கூடியதுதான் நல்லது என்று சொல்லவில்லை. டாக்டர் பழகிய பிராண்டு எது என்று கேளுங்கள், பார்மசியில் "அது இல்லை, இதே மருந்துதான்" என்று வேறு ஒன்றைத் தந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள், குப்பியின் பெயரையும் பேட்ச் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், தமிழ்நாட்டில் அயர்ன் சுக்ரோஸ் அங்கே இலவசமாகவே போடுகிறார்கள், சில அரசு ஆஸ்பத்திரிகளில் எஃப்.சி.எம்மும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. அத்தனை பேருக்கும் டிரிப்ஸ் தேவையில்லை, நிறையப் பேருக்கு மாத்திரையே போதும், ஆனால் மாத்திரையைக் காபியோடு விழுங்கிவிட்டு ஏறவில்லை என்பவர்களை என் குடும்பத்திலேயே காட்ட முடியும்.

ஒரு கொசுறு. இதே குடும்பத்தில் ஃபெருமாக்ஸிட்டால் என்று ஒரு இரும்புத் துகள் மருந்து இருக்கிறது, எம்.ஆர்.ஐ ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிவதற்காக முதலில் உருவாக்கப்பட்டது, கடைசியில் 2009இல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளின் ரத்த சோகைக்கு மருந்தாக அனுமதி வாங்கியது. ஸ்கேனுக்குப் போடுகிற வழக்கமான மருந்து ஆகாத சிறுநீரக நோயாளிகளுக்கு இதையே போட்டுப் படம் எடுக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். நோயைப் பார்ப்பதும் அதே துகள், தீர்ப்பதும் அதே துகள். 2016இல் எலிகளில் இது கட்டியின் வளர்ச்சியைக்கூடக் கட்டுப்படுத்தியதாக ஸ்டான்ஃபோர்டில் கண்டார்கள், எலியிலிருந்து மனிதருக்கு வர எத்தனை வருடமோ, அதை நம்பி யாரும் உட்கார வேண்டாம்.

போடுவதற்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: முன்னே எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்திருந்தால், ஆஸ்துமா இருந்தால், அப்போது காய்ச்சலோ தொற்றோ இருந்தால், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். ரத்தம் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் டிரிப்ஸ் மட்டும் போட்டுக்கொண்டே இருப்பது வீண், எனக்கு ஃபைப்ராய்டுக்கு ஆபரேஷன் தேதி வாங்கியாகிவிட்டது. உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டுகிற ஃபெரிட்டின் டெஸ்டை, டிரிப்ஸ் போட்டு நான்கு வாரம் ஆவதற்குள் எடுக்காதீர்கள், ஏற்றின மருந்தே எண்ணைக் கூட்டிக் காட்டும். நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள், இரண்டாவது டிரிப்ஸ் போடச் சொன்னால் அதற்கு முன்னால் ஒரு பாஸ்பேட் டெஸ்டும், பெரும்பாலும் அதை நீங்களாகக் கேட்டுத்தான் எழுதி வாங்க வேண்டியிருக்கும்.